ரத ட்ரெய்லரின் பிரேக் விளக்கு

கண்ணுகளா, உஷாராணிக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். அன்று மத்தியானம் கிள்ளான் நகரக் கோயில் கொட்டகையில் அவள் கீழே வைத்தது தன் பிக்கப் வண்டியின் சாவியை.

அம்மன் ரதம் ஏறும் ட்ரெய்லரை எட்டு வருடமாக அவள்தான் இழுக்கிறாள். இந்த வருடம் அதன் பின்பக்கம் முழுக்க நீலமும் பச்சையுமாய் மின்னுகிற விளக்குகள். நடுவில் எங்கேயோ, வெற்றிலைப் பாக்கு அளவில், பிரேக் விளக்கு. எல்லாம் கோயில் தலைவர் தம்புசாமியின் ஏற்பாடு.

"பாத்தியாமா அழக? மஸ்ஜித் இந்தியா தெரு தீபாவளிக் கடையெல்லாம் தோத்துடும்லா!"

"நீல லைட்டு போலீஸ் வண்டிக்கு, தலைவரே. நமக்கு எதுக்கு?"

"சாமி வண்டிய எவன் புடிப்பான்?"

"புடிக்கிறதப் பத்தி நான் பேசல. இடிக்கிறதப் பத்திப் பேசறேன்."

மூலையில் அவள் தம்பி வாசு உட்கார்ந்திருந்தான். இடது கால் இன்னும் முழுதாக மடங்காது. போன வருட ஊர்வலத்தில் ரதத்துக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் காவல் வந்தவன் அவன். அக்கா பிரேக் போட்டது அவனுக்குத் தெரியவில்லை; ட்ரெய்லரில் போய் மோதினான். எப்படித் தெரியும்? விளக்கின்மேல் தோரணம் தொங்கியது. வண்டிப் பூசையில் வைத்த சந்தனம் கண்ணாடியில் காய்ந்து அப்பியிருந்தது. 'ஹேண்ட்போனப் பாத்துக்கிட்டு வந்திருப்பான்' என்று கமிட்டி முடித்துக்கொண்டது. மிதித்தது என் கால்தானே என்று உஷாராணியும் ஒரு வருடம் வாயை மூடியிருந்தாள்.

"இந்த வருசமும் இவனத்தானே பின்னாடி போட்டிருக்கீங்க? வாங்க. இவன் வர்ற எடத்துல நீங்க நில்லுங்க. நான் பிரேக்க மிதிக்கிறப்ப கையத் தூக்கணும்."

எல்லா விளக்கையும் போடச் சொல்லிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். மூன்று முறை மிதித்தாள். தம்புசாமி ஒரே ஒரு முறை கை தூக்கினார், அதுவும் அவள் கால் சும்மா இருந்தபோது.

"தலைவரே, உங்க ரெண்டு காலும் போச்சு!" வாசு சிரித்தான்.

உஷாராணி சிரிக்கவில்லை. இறங்கி வந்து நீலமும் பச்சையுமான விளக்குச் சரத்தைப் பிடித்து இழுத்தாள். ஆணியோடு வந்தது.

"ஏய், ஏய்! என்னாம்மா இது!"

"எல்லாமே மின்னுனா எது பிரேக்கு? சொல்லுங்க! போன வருசம் இவன் கண்ணு மேல பழி போட்டீங்களே, இப்ப உங்க கண்ணுக்கு என்னா?"

வாசு பிக்கப்பிலிருந்து அட்டைப்பெட்டியை நொண்டி நொண்டி எடுத்து வந்தான். லோரி சாமான் கடையில் அவள் ஒவ்வொன்றாகப் புரட்டி, கண்ணாடியில் அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கியவை: இரண்டு பெரிய சிவப்பு விளக்கு, மஞ்சள் சிக்னல், நம்பர் பிளேட்டுக்கு வெள்ளை, வெளிச்சம் பட்டால் மினுங்கும் முக்கோணச் சிவப்பு வில்லைகள். அக்காவும் தம்பியுமாகப் பொருத்தி முடித்தார்கள்.

பூசாரி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். விரல் நேராகப் புது விளக்கை நோக்கிப் போனது.

"சாமி, அங்க வேணாம். இழுக்கிற கம்பியில வைங்க."

பூசாரி தலைவரைப் பார்த்தார். தலைவர் உஷாராணியைப் பார்த்தார். பிறகு தானே முக்காலி போட்டு ஏறி, தோரணத்தை ஒரு முழம் மேலே தூக்கிக் கட்டினார்.

உஷாராணி மறுபடி வண்டியில் ஏறி மிதித்தாள். பின்னால் வாசுவின் கை உயர்ந்தது. விட்டாள், இறங்கியது. மிதித்தாள், உயர்ந்தது.

"போதும்க்கா, தெரியுதுலா!"

அவள் காலை எடுக்கவில்லை.

"நல்லாத் தெரியுதாடா?" என்று கேட்டாள். "நல்லாப் பாத்துச் சொல்லு."