கீரை சாரின் பச்சைப் பானம்

"அப்பா, இது அவ்வளவு நல்லதுன்னா, நீங்க ஏன்பா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுக் குடிக்கிறீங்க?"

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஒருநாள் காலையில் இப்படிக் கேட்டபோது, கீரை சார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நன்றியோட குடிக்கிறேன்மா. நன்றி சொல்லும்போது கண்ணை மூடணும்" என்றார். மகள் நம்பிவிட்டாள். அவருடைய நாக்குதான் கடைசிவரை நம்பவில்லை.

காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டு மனுக்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. யார் பொய் சொல்கிறார்கள் என்று மோப்பம் பிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவர். குடியிருப்பின் மொட்டைமாடியில் பைகளையும் தொட்டிகளையும் அடுக்கி, ஒரு பாத்தியும் கட்டி, செல்பேசியில் பார்த்த பாடங்களைக் கொண்டு கீரையும் தக்காளியும் போட்ட நாளிலிருந்து எல்லோருக்கும் அவர் கீரை சார். அந்தப் பெயரில் கேலி இருந்தது. அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

ஒரு வாழைப்பழம், ஒரு ஆப்பிள், ஒரு கைப்பிடி பச்சைக் கீரை, ஊறவைத்த ஏதோ ஒரு விதை. இவற்றை மிக்ஸியில் போட்டு அரைத்தால் குளத்துப் பாசி நிறத்தில் ஒன்று வரும். அவர் அதை ஸ்மூத்தி என்றார். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் அதைத் தண்டனை என்றார். எதிர்வீட்டு நர்ஸம்மா எதுவுமே சொல்லாமல் வாங்கி, எதுவுமே சொல்லாமல் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டு, டம்ளரை மட்டும் சிரித்த முகத்தோடு திருப்பித் தருவார்.

பானத்தையாவது ஊற்றிவிடலாம். பிரசங்கத்தை எங்கே ஊற்றுவது? கீழ்த்தளத்தில் ஒற்றை அறையில் தையல் மிஷினோடு குடியிருந்த தையல்காரம்மா கடையிலிருந்து திரும்பும்போதெல்லாம், வாசலில் மறித்து அவர் பையை எட்டிப் பார்ப்பது கீரை சாரின் வழக்கம்.

"காலிஃபிளவரா? ஒரு புழு இருக்கா பாருங்க. புழுவே தொடாததை நீங்க திங்கிறீங்க. காசு குடுத்து விஷம் வாங்குறதுன்னா இதுதான்."

"என்ன சார் பண்றது? விஷத்துக்கும் இப்ப வெலை ஏறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா உள்ளே போய்விடுவார்.

நல்லவனாக வாழ்கிற ஒருவனைப் பார்த்து ஊர் திருந்துவதுண்டு. நான் நல்லவன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறவனால் திருந்தியவர் எவரும் இல்லை. இது கீரை சாருக்கு எட்டவில்லை. அடுத்த ஞாயிறு குடியிருப்பில் உள்ள அத்தனை பேரும் மாடிக்கு வந்து தோட்டத்தைப் பார்த்து, அங்கேயே பானமும் அருந்த வேண்டும் என்று அழைப்பு வேறு விடுத்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போடுவதாகச் சொல்லியிருந்தார்.

அழைப்பு புழுக்களுக்கும் எட்டியிருக்க வேண்டும். அந்த வாரம் குடும்பம் குட்டியோடு வந்து இறங்கின. பூண்டை அரைத்துத் தெளித்தார். சப்பென்று இருந்த கீரைக்கு மசாலா கிடைத்ததுபோல இன்னும் ருசித்துத் தின்றன. மிளகாய்க் கரைசல் தெளித்தார். அவர் கண்தான் எரிந்தது. வெள்ளிக்கிழமை அலுவலகம் விட்டு வரும்போது, நாலு தெரு தள்ளியிருந்த கடையில் ஒரு பாட்டில் வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அதன்மேல் மண்டையோடு போட்டிருந்தது. தெளித்தபின் பல நாள் பறிக்கக் கூடாது என்றும் எழுதியிருந்தது.

அவர் கொடியவர் அல்ல. மருந்து அடித்த கீரையை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. பாத்தியைப் பார்வைக்கு விட்டுவிட்டு, பானத்துக்குச் சந்தைக் கீரையைப் போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். பொய் எப்போதும் இப்படித்தான், யாருக்கும் கெடுதல் இல்லாததுபோல நல்ல பிள்ளையாகத்தான் வீட்டுக்குள் வரும்.

மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அவர் தெளித்து முடிக்கும்போது, காயப்போட்ட துணியை எடுக்கத் தையல்காரம்மா மாடிக்கு வந்தார். நின்று பார்த்தார்.

"பூண்டுத் தண்ணி" என்றார் கீரை சார், கேட்காத கேள்விக்கு.

"சரிங்க சார்" என்றார் அந்த அம்மா. நெடி தாங்காமல் இருமிக்கொண்டே இறங்கிப்போனார்.

ஞாயிறு காலை மாடி நிறைந்துவிட்டது. பிள்ளைகள் தொட்டிகளுக்கு நடுவே ஓடினார்கள். ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்து விதியை எதிர்கொள்ளத் தயாரானார். செயலாளர் ஒரு தக்காளியைப் பதினைந்து கோணத்தில் படம் எடுத்தார். கீரை சாரின் மனைவி பெரிய கண்ணாடிக் கூஜா நிறையப் பானத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, தட்டில் அடுக்கிய கண்ணாடி டம்ளர்களில் ஊற்ற ஆரம்பித்தாள். கீரை சார் புழுவில்லாத பாத்தியைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"பூச்சியை எதிரியா பாக்கக் கூடாது. அதுங்ககிட்ட அன்பா இருந்தா அதுங்களே ஒதுங்கிப் போயிடும்."

"என் மாமியார்கிட்ட இது பலிக்கலையே சார்" என்றார் நர்ஸம்மா. சிரிப்பு எழுந்தது.

அந்தச் சிரிப்பின் நடுவில் மனைவி அவரிடம் பெருமையோடு சொன்னாள்: "ஏங்க, அந்தக் கடைக் கீரையை எதுக்கு வாங்கிட்டு வந்தீங்க? தோட்டத்தைப் பாக்க வர்றவங்களுக்குக் கடைக் கீரையா குடுப்பாங்க? அதை ஓரமா வெச்சுட்டு, விடியக்காலையில நானே வந்து பாத்தியோட அந்த ஓரத்துல கொழுந்தா பாத்துப் பறிச்சுட்டேன்."

கீரை சாரின் வாய் திறந்தபடியே நின்றது. ஒரு சொல் போதும். 'குடிக்காதீங்க' என்ற ஒரே சொல். அது தொண்டைவரை வந்தது. அங்கே அவருடைய பட்டம், பிரசங்கம், செயலாளரின் கேமரா எல்லாம் வழிமறித்து உட்கார்ந்திருந்தன. "ஒரு நிமிஷம்..." என்றார். யாருக்கும் கேட்கவில்லை. மனைவி தட்டைத் தூக்கிக்கொண்டாள். "முதல்ல பிள்ளைங்களுக்கு" என்றாள்.

சுவரோரம் நின்றிருந்த தையல்காரம்மா பாத்தியைப் பார்த்தார். பிறகு கீரை சாரின் முகத்தைப் பார்த்தார். வெள்ளைவெளேரென்று இருந்த அந்த முகத்தில் என்ன படித்தாரோ, விறுவிறுவென்று வந்து தட்டின்மேலேயே விழுந்தார். டம்ளர்கள் பறந்தன. மேசை சாய்ந்து கூஜாவும் உடைந்தது. மாடியெங்கும் பச்சை வழிந்தது.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று மனைவி கத்தினாள். "ஆசையா செஞ்சதும்மா! அத்தனையும் போச்சு!"

"தலை சுத்திடுச்சும்மா, மன்னிச்சுக்குங்க" என்றார் தையல்காரம்மா. அவர் பாதத்தில் கண்ணாடி ஆழமாக ஏறியிருந்தது. நர்ஸம்மாதான் ஓடிவந்து கட்டுப் போட்டார். "கூட்டத்துக்கு வந்தா நிதானமா நடக்கணும்" என்று செயலாளர் தன் பங்குக்குச் சொன்னார். ஆசிரியர் மட்டும் வானத்தைப் பார்த்து ஆண்டவனுக்கு மனதார நன்றி சொன்னார்.

கீரை சார் அப்போதும் பேசவில்லை.

வீட்டுக்குள் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "அதுல ஒரு டம்ளர் நம்ம புள்ளைக்கு ஊத்தினது" என்றாள். எழுந்து கீழே போய், தையல்காரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் அவர் துணிந்து குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் எழுதினார்: 'கீரைக்கு நான் விஷ மருந்து அடித்திருந்தேன். அதைத் தெரிந்துதான் அந்த அம்மா தட்டிவிட்டார். தப்பு என்னுடையது.'

சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. 'நீங்களா சார், மருந்தா? நல்ல ஜோக்' என்றார் ஒருவர். 'அந்த அம்மாவைக் காப்பாத்தத் தன்மேல பழியைப் போட்டுக்கறார் பாருங்க' என்று செயலாளர் எழுதினார். கைகூப்பும் படங்கள் குவிந்தன. மாலையில் படிக்கட்டில் பார்த்த ஆசிரியர் தோளைத் தட்டி, "பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றார்.

"இல்ல சார், நான் நிஜமாவே அடிச்சேன்."

"அடக்கம் வேற!"

ஒரு வருஷமாகச் சேர்த்த பொய்யான பேர் அவ்வளவு கெட்டியாக இருந்தது. உண்மையே வந்து முட்டியும் உடையவில்லை. அன்று கீரை சார் பாத்தியை வெட்டி, மண்ணோடு மூட்டையில் கட்டி அப்புறப்படுத்தினார்.

இரண்டு நாள் கழித்து, அதிகாலையில் பால் வாங்கப் போனபோது கீழ்த்தள முற்றத்தில் ஒரு வாளியைப் பார்த்தார். பள்ளிச் சீருடைத் துணி. வெட்டும் முன் சுருங்கட்டும் என்று நனைத்து வைத்தது. தையல்காரம்மா திங்களன்றே ஊறப்போட வேண்டியதை இப்போதுதான் போட்டிருந்தார். கட்டுப் போட்ட காலோடு வாளியை முதல் படிவரை நகர்த்தி, அதற்குமேல் முடியாமல் விட்டிருந்தது தெரிந்தது. உள்ளே விளக்கு எரியவில்லை.

வாளியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினார். துணிகளைப் பிழிந்து, கொடியில் விரித்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்திலிருந்து வந்து, காய்ந்ததை எடுத்து மடித்து, யாரும் பார்க்காதபோது அந்த அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை குடியிருப்பின் வாட்ச்மேனுக்குத் தையல்காரம்மா சூடாக ஒரு டீ கொடுத்துக்கொண்டிருந்தார். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும் அண்ணே" என்றார். வாட்ச்மேனுக்கு எதற்கென்று விளங்கவில்லை. வந்த டீயை விடுவானேன் என்று வாங்கிக் குடித்தார்.

கீரை சார் பால் பையோடு அவர்களைக் கடந்து போனார். நாக்கு நுனிவரை வந்த 'துணி காயப்போட்டது நான்தான்' என்ற வாக்கியத்தை இந்த முறை தானாகவே விழுங்கினார். வாட்ச்மேன் கேட்டுக்குப் போய், அந்த அம்மாவும் உள்ளே போகும்வரை படிக்கட்டு முனையில் காத்திருந்தார். பிறகு திரும்பி வந்து, அன்றைக்கான வாளியைத் தூக்கிக்கொண்டு, சத்தம் வராமல் படியேறினார்.