நாற்பத்திரண்டும் நூற்றுப்பத்தும்

குழந்தைகளுக்கு ஏன் வலிப்பு வருகிறது என்று ஆராய்வதுதான் என் பிழைப்பு. பிறவியிலேயே உடம்பு உணவைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியாமல் மூளையைப் படுத்தும் வகைகளில் நான் பெரிய ஆள் என்று ஊரில் ஒரு பேச்சு. கிளப்பிவிட்டதும் நானே.

இரண்டு வருடத்துக்கு முன் நான் பார்த்து மூடிய கோப்பு ஒன்றைப் பரிசோதனைக்கூடத்து அக்கா என் மேசையில் போட்டார்.

"இந்தப் பாப்பாவோட அம்மா வந்திருக்காங்க. காலையில வெறும் வயித்துலதான் வலிப்பு வருதாம். சாப்பிட்டா அடங்குதாம். ஏதாவது தோணுதா, இல்ல டீ சொல்லட்டுமா?"

தோன்றியது. கோப்பைத் திறந்தேன்.

ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை மூளைக்குள் ஏற்றிவிட ஒரு புரதம் இருக்கிறது. அது பிறவியிலேயே குறைந்தால் மூளை பட்டினி. மூளையைச் சுற்றி ஓடும் முதுகுத்தண்டு நீரிலும் ரத்தத்திலும் சர்க்கரையை அளந்து, இரண்டையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

நீரில் நாற்பத்திரண்டு. நாற்பதுக்கு மேல் இருக்கிறதே என்று 'சரி' போட்டிருந்தேன். அடுத்த தாளைப் புரட்டினேன். ரத்தத்தில் நூற்றுப்பத்து. அதில் பாதிக்கு மேல் நீரில் இருந்திருக்க வேண்டும்; பாதிகூட ஏறவில்லை. ஒப்பிட மறக்காதீர்கள் என்று வருடாவருடம் வகுப்பெடுக்கும் மகானுபாவன் நான்.

"யார் பார்த்தது இத?" என்றார் அக்கா.

"தெரிஞ்சுக்கிட்டே கேக்காதீங்க."

தையல்காரரான அந்த அம்மா, ஐந்து வயது மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். மென்று விழுங்காமல் சொன்னேன்.

"தப்பு என்னோடதும்மா. அப்பவே கண்டுபிடிச்சிருக்கணும்."

"ரெண்டு வருஷம் சார்."

"ஆமா."

"ராத்திரி நான் ஒழுங்கா ஊட்டலைன்னு அவங்கப்பா சொல்லுவார். நானும் அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்."

மாவுச்சத்து, சர்க்கரையைக் குறைத்து, எண்ணெய், வெண்ணெயைக் கூட்டினால் கொழுப்பிலிருந்து மூளைக்கு வேறு எரிபொருள் கிடைக்கும். மருத்துவமனையில் சேர்த்துத்தான் தொடங்க வேண்டும். மரபணுச் சோதனையும் உண்டு. வலிப்பு குறையலாம் என்றேன். போன இரண்டு வருடத்தை ஈடுகட்ட முடியுமா என்பது தெரியாது. அதையும் சொன்னேன்.

"எழுதிக் குடுங்க. என் தப்பு இல்லன்னு."

எழுதினேன். வாங்கிப் பார்த்தார்.

"இது மருந்துக்கடைக்காரருக்குத்தான் புரியும் சார். அவங்கப்பாவுக்குப் புரியணும்."

அக்கா சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேறு தாளில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல் குண்டு குண்டாக எழுதினேன்: 'குழந்தையின் தாயார் மேல் எந்தத் தவறும் இல்லை. தவறு என்னுடையது.'

ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார்.

"எப்ப சேக்கணும்?"

"இப்பவே சேத்தா நல்லது."

"துணிமணி எடுத்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் இவளப் பிடிங்க."

தூங்கும் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுப் போனார். இருபது வருடமாகக் குழந்தைகளை ஆராய்கிறேன்; தலைக்குக் கீழே கை கொடுக்க வேண்டும் என்பதை அக்காதான் சொல்லிக்கொடுத்தார்.