எட்டு மாதம் கொதித்த தண்ணீர்

காய்ச்சி வடிக்கும் இயந்திரத்தை மாட்டி முடித்ததும் மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"ஒரு வாஷர்தான் மேடம் போயிருந்தது. அரை மணி நேர வேலை. இதுக்கா எட்டு மாசம் போர்வை போத்தித் தூங்க வெச்சீங்க? இது இல்லாம தண்ணிய எப்படி டெஸ்ட் பண்ணீங்க?"

"சமாளிச்சோம்."

"அதானே. சமாளிக்கிறதுல நம்மள யாரு மிஞ்சுவா," என்று சிரித்தபடி பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

நகரின் குடிநீரைச் சோதிக்கும் அந்தக் கூடத்தில் களைக்கொல்லியைக் கண்டுபிடிக்கும் பட்டைகள் இருந்தன. பட்டையில் பூசிய பொருளில், கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள். ஊதா விளக்கின் கீழ் அது நீலமாக ஒளிரும். நதியின் மேல்பக்கத்து வயல்களில் தெளித்த களைக்கொல்லி தண்ணீரில் துளியளவு இருந்தாலும், அந்தத் துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு ஒளியை மங்கச் செய்யும். சுத்தமான நீரில் நனைத்த பட்டையையும் குழாய் நீரில் நனைத்த பட்டையையும் அருகருகே வைத்து, மங்கல் எவ்வளவு என்று பார்ப்பதுதான் அங்கே ஆய்வாளராக இருந்த அவள் வேலை.

அவள் இயந்திரம் வடித்துக் கொடுத்த சுத்தமான நீரில் ஒரு பட்டையை நனைத்து விளக்கின் கீழ் வைத்தாள். எப்போதும் இல்லாத வெளிச்சத்தில் கண் கூசியது. பட்டை பழுது போலிருக்கிறது என்று இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே. மூன்றாவதும்.

பிறகு, இத்தனை நாளும் சுத்தமான நீர் என்று அவள் வைத்திருந்த ஜாடியிலிருந்து ஒரு பட்டையை நனைத்தாள். அது மங்கலாக, அவளுக்கு நன்றாகப் பழகிய அந்த வெளிச்சத்தோடு கிடந்தது.

அந்த ஜாடியில் இருந்தது கொதிக்கவைத்து வடிகட்டிய குழாய்த் தண்ணீர். இயந்திரம் நின்ற அன்று அதிகாரி சொன்ன யோசனை. ஒரு வாரத்துக்குத்தானே என்று அவளும் தலையாட்டினாள். கொதித்தால் கிருமி சாகும், களைக்கொல்லி சாகாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை ஒரு வாரம் ஓரமாக வைத்தாள். வாரங்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. எட்டு மாதமாக அவள் குழாய் நீரைக் குழாய் நீரோடு ஒப்பிட்டு, 'களைக்கொல்லி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

அன்றைய குழாய் நீரை முறையாகச் சோதித்தாள். அளவு வரம்பைத் தாண்டியிருந்தது.

"இன்னைக்கு உள்ளதை மேல எழுதிப் போடலாம்," என்றார் அதிகாரி. "பழசைக் கிளறாதீங்க."

"பழசுல எவ்வளவு இருந்ததுன்னே தெரியாது சார். சாம்பிள் எல்லாத்தையும் கொட்டிட்டோம்."

"அப்புறம் என்னத்தைச் சொல்வீங்க? குழாயை மூடச் சொல்லவா? மூடினா ஊரு எதைக் குடிக்கும்?"

அவர் கோபப்பட்டிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள். அவர் நிஜமாகவே கேட்டார்.

வீட்டில் தங்கை பிரசவத்துக்காக வந்திருந்தாள். ஆறாவது மாதம். எதிர்வீட்டுக்காரியிடம்கூட, "எங்கக்கா கையெழுத்துப் போட்ட தண்ணி, தைரியமா குடிங்க," என்று பெருமையடிப்பவள். இரும்புச்சத்து மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு டம்ளரை எடுத்தவளை அவள் தடுத்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

தங்கை டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கேன் தண்ணி வாங்கலாமா?"

"அவங்களும் இந்தக் குழாய்லதான் பிடிக்கிறாங்க."

"இதுவரைக்கும் நான் குடிச்சதுல எவ்வளவு இருந்திருக்கும்?"

"தெரியலடி."

"குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?"

"தெரியல."

திட்டினால் தேவலை என்றிருந்தது. தங்கை திட்டவில்லை. வயிற்றின்மேல் கையை வைத்து, எதையோ கேட்கக் காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப எவ்வளவு சுலபமா தெரியலன்னு சொல்ற," என்றாள் மெதுவாக. "அதையே அந்தத் தாள்லயும் எழுதியிருக்கலாமேக்கா. தெரியலன்னு எழுதியிருந்தா யாராவது பயந்துபோய் அந்த மெஷினையாவது சரிபண்ணியிருப்பாங்க. இல்லைன்னு எழுதினதாலதானே எல்லாரும் நிம்மதியா இருந்தோம்."

அவள் செருப்போடே சுவரோரமாக உட்கார்ந்தாள். நாளைக்கு எட்டு மாத அறிக்கைகளையும் திரும்பப் பெறும்படி எழுதிக் கொடுப்பாள். அதிகாரி வாங்கி ஏதோ ஒரு கோப்பின் அடியில் வைப்பார். வேலைகூடப் போகலாம். அதற்கெல்லாம் அவள் தயாராகிவிட்டாள். ஆனாலும், குடித்த தண்ணீரை எந்தக் கடிதத்தாலும் திரும்பப் பெற முடியாது. சரியாகப் பார்க்காத ஒன்றை இல்லை என்று எழுதுவது பொய்யை விடக் கொடிது. பொய்யையாவது ஒருநாள் யாரேனும் சந்தேகப்படுவார்கள். இந்தக் கையெழுத்தை யாரும் சந்தேகப்படவில்லை, போட்டவள் உட்பட.

மாத்திரை தங்கையின் வியர்வையில் நிறம் விட ஆரம்பித்திருந்தது. அவள் அதை வாயில் போட்டுக்கொண்டு, அக்காவைப் பார்க்காமல், டம்ளரை எடுத்துக் குடித்தாள்.