படிக்கட்டுப் பாட்டுக்குப் பிறகு

“பரு மாதிரி இருக்கு லா! கன்னத்துல ஒரு மைக்க ஒட்டி வெச்சிக்கிட்டுப் பாடறதெல்லாம் ஒரு பாட்டா?”

“அப்போ என்னா டாடி, கடேசி வரிசைக்குக் கேக்கணும்னு தொண்ட கிழியக் கத்தணுமா?”

“யாரு கத்தச் சொன்னா? அந்தக் காலத்துப் பாட்டுக்காரிங்களுக்கு நெஞ்சுக்குள்ளயே மைக்கு இருந்திச்சு. பின்னால முப்பது பேரு வயலின் வாசிப்பான். இன்னிக்கு வர்ற குரூப்புல எத்தன பேரு?”

“ஒரு பியானோ, ஒரு டிரம்ஸ், ஒரு லேப்டாப்பு.”

“லேப்டாப்பு! நாடகம் போடறானுங்களா, ஆபீஸ் தொறக்கறானுங்களா?”

சொல்லிவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டார் பால்ராஜ். காலைத் திருப்பலி முடிந்து வந்ததிலிருந்து கண்ணாடி முன்னால்தான் நிற்கிறார். இது மூன்றாவது டை. கப்பல் ஏஜென்சி ஒன்றில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், அறுபத்து மூன்று வயதில், கல்யாண மாப்பிள்ளை போல் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். கட்டிலில் உட்கார்ந்து அவருடைய கோட்டுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள் மகள் பெவர்லி. வாரம் ஆறு நாள் பினாங்குப் பாலம் தாண்டிப் போய் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் பூதக்கண்ணாடி வைத்துக் குறை கண்டுபிடிக்கிற வேலை அவளுக்கு. ஆனால் அப்பாவின் கண்களை நேராகப் பார்க்க இன்று அவளால் முடியவில்லை. ஊசியையே பார்த்தாள்.

அவளுடைய போன் தலையணைக்கு அடியில் கிடந்தது. விடியற்காலை ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து வந்த செய்தி அதற்குள் இருந்தது.

இருவருக்கும் பாட்டு நாடகம் என்றால் பைத்தியம். பைத்தியம் ஒன்றுதான், வைத்தியம்தான் வேறு. சுங்கை பினாங்கின் அந்தப் பதினோராவது மாடி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சண்டை நடக்கும். வரிகளை வேகவேகமாகப் பொழிந்து தள்ளுகிற புது நாடகங்கள் பெவர்லிக்கு உயிர். பால்ராஜுக்கு அவை ஏலக் கடைக்காரன் கூவுவது போல இருக்கும். அவளும் தொழிற்சாலை நண்பன் ஹைக்கலும் இன்னும் பத்துப் பேரும், எங்கோ லண்டனில் யாரோ இருட்டில் ஒளித்துப் பிடித்த வீடியோத் துண்டுகளைத் தேடிச் சேர்த்து முழு நாடகமாக ஒட்டிப் பார்ப்பார்கள்.

“திருட்டு வீடியோ பாக்கறியே, கோயிலுக்குப் போற பொண்ணுதானே நீ?” என்பார்.

“உங்க கேசட்டு மட்டும் என்னா, ஒரிஜினலா?” என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். அதோடு வாயை மூடிக்கொள்வார்.

அந்தக் கேசட் சூலியா தெருவில் ஒரு சின்னக் கடையில் வாங்கியது. கல்யாணத்துக்கு முந்தின வருடம். ‘செவன் லேன்டர்ன்ஸ்’ என்ற ஆங்கில நாடகத்தின் பாட்டுகள், அட்டைப்படம்கூட நகலெடுத்த மங்கல். கதைக் குறிப்பு ஒன்றும் கிடையாது. அவரும், மனைவியாகப் போகிற ஐரீனும் எஸ்பிளனேடில் கடலைப் பார்த்தபடி காரை நிறுத்திவிட்டு, அதைப் போட்டுப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். லண்டன் போக யாரிடம் வசதி இருந்தது? நாடகமும் பினாங்குக்கு வரவில்லை. ஆகவே பாட்டுகளை வைத்துக்கொண்டு கதையை அவர்களே கட்டினார்கள். கலங்கரை விளக்கத்தைக் காக்கிற ஒருவன். தனிமை தாங்காமல் கப்பலேறிப் போகிற மனைவி. அது முதல் பாட்டு, கப்பல் பாட்டு. அவள் வழி தவறாமல் திரும்பி வரவேண்டும் என்று அவன் படிக்கட்டில் ஏழு லாந்தர் ஏற்றி வைக்கிறான். நடுவில் மழை, கடிதங்கள், குடிகாரப் படகுக்காரன். கடைசியில், இரண்டாம் பக்கத்தின் முடிவில், படிக்கட்டுப் பாட்டு. ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டே அவள் பாடுகிறாள். வந்துவிட்டாள். டேப் தீர்ந்து ‘டக்’ என்று நிற்கும்.

பெவர்லிக்குப் பதின்மூன்று வயதானபோது, முதியோர் இல்லத்தில் இரண்டு வருட வேலை என்று ஐரீன் பெர்த்துக்குப் போனாள். இரண்டு நான்காயிற்று. பிறகு யாரும் எண்ணவில்லை. கிறிஸ்துமஸுக்கும் மகளின் பிறந்தநாளுக்கும் மட்டும் போன் வரும். பால்ராஜ் மட்டும் விசாரிக்கிறவர்களிடம் எல்லாம் ஒரே பதில் வைத்திருந்தார்: “அவ வேலையா இருக்கா. வந்துருவா.” இரவில் துணி மடிக்கும்போது இரண்டாம் பக்கத்தைப் போட்டுவிடுவார்.

பதினைந்து வயதில் பெவர்லி முழு நாடகத்தையும் போனில் பார்த்தாள். கடைக்காரன் செய்த வேலை அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இரண்டு மணி நேர நாடகத்தை ஒரு மணி நேர டேப்புக்குள் திணிக்க வேண்டும் அல்லவா? எல்லோரும் கேட்கிற கப்பல் பாட்டை விற்பனைக்காக முதலில் போட்டிருக்கிறான். ஆக நீளமான படிக்கட்டுப் பாட்டுக்கு இரண்டாம் பக்கத்தின் கடைசியில்தான் இடம் இருந்திருக்கிறது. உண்மையில் நாடகம் தொடங்கும்போதே அந்த மனைவி கரையோர ஊருக்கு வேலைக்குப் போயிருக்கிறாள். பாதியில் திரும்பி வருகிறாள். வந்து பார்த்து, இங்கே தனக்கு ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்துகொண்டு, பிற்பாதியில் கப்பலேறிப் போகிறாள். அதன் பிறகு வருவதே இல்லை. அவன் ஒவ்வொரு லாந்தராக அணைக்கிறான். அதுதான் முடிவு. ஹைக்கலுக்கும் மற்றவர்களுக்கும் அந்தக் கப்பல் பாட்டுத்தான் நாடகமே. அவள் போகிற இடத்தில் எழுந்து நின்று விசிலடிப்பார்கள். பெவர்லியும் அடித்திருக்கிறாள்.

அம்மாவிடம் போனில் சொன்னாள். “நானும் பாத்துட்டேன் பெவ். போன வருஷம் இங்க போட்டாங்க. கை வலிக்கிற வரைக்கும் தட்டினேன்,” என்றாள் ஐரீன். “டாடிகிட்ட சொல்லாத.”

சொல்லவில்லை. பதினோரு வருடம்.

இப்போது கோலாலம்பூர் குழு ஒன்று அதே நாடகத்தை ஜார்ஜ்டவுனுக்குக் கொண்டு வந்திருந்தது. பால்ராஜ் மூன்று டிக்கெட் எடுக்கச் சொன்னார். புது மாதிரிப் போடுகிறார்கள், உங்களுக்குப் பிடிக்காது, வேண்டாம் என்று பெவர்லி படித்துப் படித்துச் சொன்னாள். கேட்டால்தானே? ஐரீனுக்கு அவரே எழுதினார். ‘பார்க்கிறேன்’ என்று ஒரு சொல் வந்தது. அந்த ஒரு சொல்லை மூன்று மாதமாக வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டிருந்தார். இன்று விடியற்காலை வந்தது அதன் மீதி. லீவு கேட்கவில்லை, கேட்கவும் போவதில்லை, இனிமேல் எழுத வேண்டாம் என்று அப்பாவிடம் நீயே சொல்லிவிடு.

“தச்சிட்டியா?” என்றார் பால்ராஜ், கையை நீட்டி.

“தச்சிட்டேன்.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

மண்டபத்தில் மூன்று மணிக் காட்சி. கவுண்டரில் ஐரீன் என்ற பேருக்கு ஒரு டிக்கெட்டை உறையிலிட்டுக் கொடுத்தார். “ஃபிளைட்டு லேட்டானா நேரா இங்க வந்துருவா,” என்று கேட்காத பெண்ணிடம் விளக்கினார். உள்ளே போய் நடு நாற்காலியில் உட்காராமல் ஓர நாற்காலியில் உட்கார்ந்தார். நடுவில் கோட்டை மடித்து வைத்தார். அந்தப் பக்கம் பெவர்லி. சுற்றிலும் சட்டையில் லாந்தர் பொம்மை குத்திய இளவட்டங்கள்.

விளக்கு அணைந்தது. முதல் பாட்டு கப்பல் பாட்டு இல்லை. மேடையில் ஒருவன் தனியாகச் சிம்னி துடைத்துக்கொண்டிருந்தான்.

பால்ராஜ் நாற்காலியைத் தாண்டிக் குனிந்தார். “பாத்தியா? கப்பல் பாட்ட வெட்டிட்டானுங்க.”

“டாடி...”

“நல்ல பாட்டு எதுவும் உங்க ஆளுங்களுக்கு ஆகாது லா. வெட்டு, ஒட்டு, லேப்டாப்ப வெய்யி.”

முன்வரிசைப் பையன் திரும்பிப் பார்த்து உஷ் என்றான். கோபித்துக்கொண்டே இருக்கட்டும் என்று பெவர்லிக்குத் தோன்றியது. அந்தக் கோபம் இருக்கிறவரை அவருக்கு ஒன்றும் தெரியாது. மழைப் பாட்டு வந்தது. கடிதங்கள் வந்தன. படகுக்காரனை ஒரு பெண் நடித்தாள், அதற்கும் ஒரு முனகல். ஆனாலும் அவருடைய விரல்கள் கோட்டின் மேல் தாளம் போட்டன. கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தார். டார்ச் பிடித்த ஊழியர்தான் வந்து போனார்.

பிறகு படிக்கட்டு இறங்கியது. ஏழு லாந்தரும் எரிந்தன. கீழே, ஒரு பெட்டியுடன், அவள்.

மைக்கையும் லேப்டாப்பையும் பால்ராஜ் மறந்தே போனார். அவள் ஒரு படி ஏறினாள், பாடினாள். இன்னொரு படி ஏறினாள். முப்பது வருடமாகக் காதால் மட்டும் ஏறிய படிகள். அவர் உதடுகள் சத்தமில்லாமல் கூடவே பாடின. கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். ஏழாவது படி. கதவு. அவன் கை நீட்டினான். இருட்டு.

மண்டபம் அதிரக் கைதட்டினார் பால்ராஜ். எழுந்து நின்று தட்டினார். விளக்குகள் பளிச்சென்று எரிந்தபோது அவர் ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார். மற்றவர்கள் கழிவறைக்கும் தண்ணீருக்குமாகக் கலைந்துகொண்டிருந்தார்கள். இருபது நிமிட இடைவேளை என்று ஒலிபெருக்கி சொன்னது.

“இடைவேளையா?” என்றார்.

பெவர்லி பதில் சொல்வதற்குள் பின்வரிசையில் ஒரு இளம்பெண் தோழியிடம் பேசுவது தெளிவாகக் கேட்டது. “டிஷ்யூ வெச்சிருக்கியா அதிரா? இனிமேத்தான் கப்பல் பாட்டு. அவ போறப்ப நான் போன தடவையே அழுதுட்டேன் லா. அப்புறம் அந்தாளு ஒவ்வொரு விளக்கா...”

“ஏய், சொல்லாத! நான் பாக்கல இன்னும்.”

பால்ராஜ் மெல்ல உட்கார்ந்தார். கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பெவர்லி தைத்த பித்தானைக் கட்டைவிரலால் திருகிக்கொண்டே மேடையைப் பார்த்தார். இரண்டு ஊழியர்கள் லாந்தர்களுக்குள் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப வெட்டல,” என்றார்.

“இல்ல டாடி.”

“பின்னாலதான் வருதா?”

“ம்.”

“உனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?”

“ஃபார்ம் த்ரீ படிக்கறப்பத்திலேருந்து.”

அவர் தலையை ஆட்டினார், ஏதோ கணக்குச் சரியாக வந்துவிட்டது போல. கடைக்காரனைத் திட்டவில்லை. இளசுகளைத் திட்டவில்லை. அவர் திட்டினால் நன்றாக இருக்கும் என்று பெவர்லி ஏங்கினாள். ஒரு சண்டை, ஒரு கிண்டல், எதுவானாலும் போதும். நடுவில் காலி நாற்காலி, மடக்கு இருக்கை மேலே எழும்பி நின்றது.

“வீட்டுக்குப் போலாமா டாடி? இப்பவே போனா...”

“போனா?” அவர் அவளைப் பார்த்தார். “கேசட்டு நிக்கிற மாதிரி நிக்குமா?”

போன் அவள் கைப்பைக்குள் கல்லாகக் கனத்தது.

“மம்மியும் பாத்திருக்காளா, இத?”

பொய் சொல்ல வாயைத் திறந்தாள். வரவில்லை. “அங்க போட்டாங்களாம்,” என்றாள். “போன புதுசுல.”

முதல் மணி அடித்தது. ஆட்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். அவர்கள் கடந்து போக வழிவிட்டுக் கால்களை ஒடுக்கிக்கொண்டு, காலி நாற்காலியின் மேல் சாய்ந்து, பால்ராஜ் மகளிடம் கையை நீட்டினார்.

“என் நம்பர்னா எடுக்க மாட்டா. உன் போன்லேருந்து ஒரு கால் போட்டுக் குடு பெவ். இது எப்பிடி முடியுதுன்னு அவ வாயாலயே சொல்லட்டும்.”