சிறகு வைத்த படம்

பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று பாக்கியமேரி ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். புருஷனுக்குச் சோறு போட்டுக்கொண்டே, குழம்புச் சட்டியைப் பார்த்தபடி சொன்னாள். சவரிராயனுக்கு அது போதும். பிள்ளை போனதிலிருந்து அவள் அவனிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் அது. என்ன குத்தப்போகிறாய் என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தான்.

பார்த்துக்கொள்வது அவன் சுபாவம். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேகன்களுக்கு எழுத்தும் எண்ணும் எழுதுகிற பெயின்டர் அவன். கோடு போடாமலே நேராக எழுதுவான், அந்தக் கர்வமும் உண்டு. பெண் பிறந்தபோதும் தானேதான் எல்லாம் பார்த்துக்கொண்டான். ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக அற்புதசாமியைத்தான் நிறுத்துவது என்று ஒற்றைக் காலில் நின்றான். அற்புதசாமி காலேஜில் பாடம் நடத்துகிறவர். கோயிலில் அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றால் நாலு பேர் பார்ப்பார்கள். அவரோ ஒரு கல்யாணத்துக்காக மதுரை போயிருந்தார், ஞாயிற்றுக்கிழமைதான் திரும்புவார். என் அண்ணனே நிற்கட்டும், நாளைக்கே தண்ணீர் ஊற்றிவிடலாம் என்று பாக்கியமேரி சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு ஆள் சொல்வதற்கும் வெள்ளைக் கவுன் தேடுவதற்குமாகச் சைக்கிளில் அலைந்தான்.

சனிக்கிழமை பிள்ளைக்கு ஜன்னி கண்டது. அவன் சாமியாரைக் கூட்டிவர ஓடினான். ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது, சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் அவன் ஒப்பித்துப் பரிசு வாங்கிய பாடம். ஓடும்போது அது ஞாபகம் வரவில்லை. வீட்டில் அழுதுகொண்டிருந்தவர்களுக்கும் வரவில்லை. சாமியார் வந்து சேர்ந்தபோது தண்ணீர் ஊற்றுவதற்குப் பிள்ளை உயிரோடு இல்லை.

ஆகவே பிள்ளைக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் மந்திரித்த நிலத்தில் இடமும் இல்லை. துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தார்கள். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்துவிட்டு வந்தான். லூர்துராணி என்று கூப்பிட நினைத்திருந்தது அவன் வாயோடு நின்றுபோயிற்று.

இப்போது அந்தப் பெயரை எழுத ஓர் இடம் கிடைத்துவிட்டது. எழுதிவிட்டால் மேரி பழையபடி தன்னோடு பேசுவாள் என்று நம்பினான். பாவம், அவன் கண்டது அவ்வளவுதான்.

திருச்சிக்குள் குத்தினால் யாராவது பார்ப்பார்கள், சாமியார் காதுக்குப் போகும். அதனால் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனான். மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் பிச்சமுத்து என்பவர் மிஷின் வைத்துப் பச்சை குத்துவதாகக் கேள்விப்பட்டிருந்தான். நேரே போய்க் கேட்க வெட்கமாக இருந்தது. ஒரு காப்பி குடித்துவிட்டு, கேட்க வேண்டியதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போய் நின்றான். வலிக்குமா, எப்போது ஆறும், சிறகு குத்த வருமா என்று மளமளவென்று கேட்டான். கண்ணாடி போட்ட பலகையில் தேளும் மயிலும் அனுமாரும் இருந்தார்கள். சிறகு வைத்த தேவதூதன், சம்மனசு, இல்லை.

பலகையில் இல்லாத படம் என்றால் எழுதிக் கொண்டுவரும்படி பிச்சமுத்து சொன்னார். கை எவ்வளவு அகலம் என்று அளந்து எழுதச் சொன்னார். யாருக்கு என்று விசாரித்தார். சம்சாரத்துக்கு என்றான். அவங்க இதைத்தான் கேட்டாங்களா என்றார் அவர். வேறென்ன கேட்பாள் என்று சவரிராயனுக்குக் கோபம்கூட வந்தது.

வீட்டுக்கு வந்து நூலால் அவள் கையை அளந்தான். மேரி கையை நீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். முதலில் எழுதிய சம்மனசு கோழி மாதிரி இருந்தது. அடுத்ததற்குத் தாடையைத் திருத்தப்போய் அவனுடைய ஃபோர்மேன் ஜாடை வந்துவிட்டது. ஒரு வாரம் மல்லுக்கட்டி, சிறகும் பூக்கொடியும் அடியில் லூர்துராணி என்ற பெயருமாக ஒரு படத்தைத் தேற்றினான். மேரியிடம் காட்டினான். நல்லா இருக்கு என்றாள். அவன் வாங்கி வந்த விளக்குமாற்றையும் அவள் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் ஸ்ரீரங்கம் போனார்கள். பிச்சமுத்து படத்தைப் பார்த்து மெச்சினார். சவரிராயனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அவர் அவளுடைய இடது கையைத் துடைத்து, படத்தை வைத்துப் பார்த்தபோது அவள் கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"இது வேணாங்க. ஒரு புள்ளி வச்சாப் போதும்."

எங்கே என்று பிச்சமுத்து கேட்டார். அவள் கையைத் திருப்பி, மணிக்கட்டுக்குச் சற்று மேலே உள்பக்கத்தில் நகத்தால் அழுத்திக் காட்டினாள். இடம் தேட வேண்டியிருக்கவில்லை.

சவரிராயனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஒரு புள்ளிக்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்றான். படம் போனால் போகட்டும், பெயரையாவது எழுதிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினான்.

"பேரு நீங்க வைக்கிறதா இருந்தது," என்றாள் மேரி. "இது அவ கொண்டாந்தது. இந்த இடத்துல ஒரு மச்சம் இருந்துச்சு. நீங்க பார்க்கலையா?"

அவன் பார்க்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் பார்த்த முகத்தைத்தான் அவனும் பார்த்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆகட்டும், ஆற அமரத் தூக்கி வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தான். அவன் தூக்கியபோது பிள்ளையின் கை துணிக்குள் இருந்தது. படத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

மிஷின் கொஞ்சம் இரைந்து அடங்கியது. பிச்சமுத்து துணியால் ஒற்றி எடுத்தார். சவரிராயன் அவள் கையைப் பிடித்துக் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

இதைவிடப் பெரிசா இருந்துச்சா என்று கேட்டான்.

"இல்லீங்க," என்றாள் அவள். "இவ்வளவுதான்."