இருபத்திரண்டாவது நிமிடம்

சந்திப்பு நிலையத்தில் அவளுக்கு அது ஒன்பதாவது வருஷம். குடும்ப நீதிமன்றம் அனுப்புகிற அப்பாவோ அம்மாவோ பிள்ளையைப் பார்க்க வரும்போது, அறைக்குள் கூடவே உட்கார்ந்து, கண்டதையும் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதிக் கொடுக்கிற மேற்பார்வையாளர் அவள். கூட வேலை பார்ப்பவர்கள் அவளுக்கு 'ஸ்கேல்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். கோடு கிழித்தால் கிழித்ததுதானாம். அது தெரிந்தும் அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்தச் சனிக்கிழமை லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் தன் ஆறு வயது மகளைப் பார்க்க வந்தார். பிள்ளையை அம்மா கொண்டுவந்து விட்டுப் போயிருந்தாள். அப்பாவும் மகளுமாகக் கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டினார்கள். இருபது நிமிடம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு அவர் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "அம்மாவப் பாக்க வீட்டுக்கு யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்டார்.

"சார், அந்தப் பேச்சு வேண்டாம். கிசுகிசுக்கவும் கூடாது. விதியப் படிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றாள் அவள்.

அவர் சரியென்று தலையசைத்தார். இரண்டு நிமிடம் பொறுத்தார். "வர்றாங்கன்னா தலைய மட்டும் ஆட்டு, போதும்" என்றார் மகளிடம்.

பிள்ளை கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டது. மேற்பார்வையாளர் எழுந்தாள்.

"இன்னிக்கு இதோட முடிச்சுக்கலாம் சார்."

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "என் பிள்ளைகிட்ட நான் பேச உங்ககிட்ட கேக்கணுமா?"

"இந்த அறைக்குள்ள கேக்கணும்."

திங்கட்கிழமை அவர் புகார் எழுதிக் கொடுத்தார். நிலைய மேலாளர் அவளைக் கூப்பிட்டு, "கொஞ்சம் விட்டுப் பிடிச்சிருக்கலாமேம்மா" என்று இழுத்தார்.

"விட்டுப் பிடிக்க அது என்ன கயிறா சார்? இன்னும் ஒரு கேள்வி வந்திருந்தா அந்தப் பிள்ளை அடுத்த வாரம் இங்க வராது."

மறுநாள் பிள்ளையின் அம்மா வந்தாள். "அவர் மிரட்டினாருன்னு ஒரு வரி சேர்த்து எழுதுங்க மேடம்."

"மிரட்டலையேம்மா. கேள்வி கேட்டாரு. அத எழுதியாச்சு. கோபுரம் கட்டும்போது பிள்ளை சிரிச்சதையும் எழுதியிருக்கேன்."

அம்மா விருட்டென்று திரும்பிப் போய்விட்டாள். மேற்பார்வையாளருக்கு இரண்டு பக்கமும் கெட்ட பேர். ஆனால் எழுதியதில் ஒரு எழுத்தையும் அவள் மாற்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை மெக்கானிக் வந்தார், வாய்க்குப் பூட்டுப் போட்டதுபோல. பத்து நிமிடம் கட்டைகளையே அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கேள்வி கேக்காம எப்படி மேடம் பேசறது?" என்றார் கடைசியில்.

"உங்க வேலையப் பத்திச் சொல்லுங்களேன்."

அவர் யோசித்தார். "ஒரு பெரியவர் ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாரு. அலறியடிச்சு ஓடிப்போய்க் கதவத் தொறந்தேன். உள்ள ஜம்முனு உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்காரு. 'இன்னும் ஒரு பக்கம்தான் பாக்கி, கொஞ்சம் இருப்பா'ங்கறாரு."

பிள்ளை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தது. பிறகு அதுவே கேட்டது: "அப்பா, அன்னிக்கு நீங்க ஏன் நம்ம வீட்டுக் கதவ ஒடச்சீங்க?"

அவர் மேற்பார்வையாளரைப் பார்த்தார். பிள்ளை கேட்கக் கூடாதென்று எந்த விதியிலும் இல்லை. அவள் பேனாவோடு காத்திருந்தாள், கைகொடுக்கவில்லை.

"கோவத்துல ஒடச்சேன்" என்றார், மென்று விழுங்கியபடி. "அது என் தப்பு. அம்மா மேல தப்பில்ல. உன் மேலயும் இல்ல."

"நான் கட்டிலுக்கு அடியில இருந்தேன்."

"எனக்குத் தெரியாதும்மா." அவர் மகள் பக்கம் திரும்பினார். "இனிமே ஒடைக்க மாட்டேன்."

அவள் அத்தனையையும் அவர்கள் சொன்னபடியே எழுதினாள்.

நான்கு மாதம் கழித்து வழக்கு நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. எல்லாச் சனிக்கிழமைகளின் அறிக்கையையும் நீதிபதி படித்தார், சில வரிகளை எல்லோருக்கும் கேட்கும்படி. இனி ஒரு மணி நேரத்துக்குப் பதில் இரண்டு மணி நேரம் சந்திக்கலாம், மேற்பார்வை தொடரும் என்று உத்தரவிட்டார். மெக்கானிக் இன்னும் கூடுதலாக எதிர்பார்த்திருந்தார். ஆனாலும் எதிர்த்துப் பேசவில்லை.

வெளியே நடைக்கூடத்தில் பிள்ளையின் அம்மா மேற்பார்வையாளரை நிறுத்தினாள்.

"என் மேல தப்பில்லன்னு அவர் நெஜமாவே சொன்னாரா?"

"சொன்னாரும்மா."

"நீங்க சேர்த்து எழுதலையே?"

"நான் எதையும் சேர்க்க மாட்டேன்னு உங்களுக்குத்தான் தெரியுமே."

அம்மா அறிக்கையின் நகலை வாங்கிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள்.