கையில் தூக்கிப் பார்த்த டிவிடி ரைட்டர்

இப்போதெல்லாம் மனிதர்கள் எந்தச் சாமானையும் கையில் தூக்கிப் பார்த்து வாங்குவதில்லை. பெட்டியில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்க்கிறார்கள். பக்கத்தில் நிற்பவன் எதை வாங்குகிறான் என்று பார்க்கிறார்கள். காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள். இதைக் கண்டால் வீரையாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். கண்டி மார்க்கட்டில் முப்பத்திரண்டு வருடம் நாட்டாமையாக, அதாவது சுமைகூலியாக, மூட்டை சுமந்தவர் அவர். நுவரெலியாவிலிருந்து வரும் உருளைக்கிழங்கு மூட்டை முதுகில் ஏறும்போதே இரண்டு கிலோ குறைகிறது என்று சொல்லிவிடுவார். முதலாளிமார் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் போவார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட அந்த மனிதருக்கு உலகத்தில் நம்பகமானவை இரண்டுதான். ஒன்று அவருடைய தோள், மற்றது அவருடைய கை.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை காலை, வர வேண்டாம் என்று மகள் யசோதா மூன்று தரம் சொல்லியும், அவளோடு அக்குறணைக்குப் போகும் மாத்தளை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அது 2008ஆம் ஆண்டின் கடைசி. யுத்தச் செய்தியைத் தவிர ரேடியோவில் வேறொன்றும் இல்லாத காலம்.

விஷயம் இதுதான். யசோதாவுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மாப்பிள்ளை விவேகானந்தன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கண்டியில் ஒரு கந்தோரில் வேலை பார்த்து, பிறகு கனடாவுக்குப் போனவர். கல்யாணத்துக்கென்று வந்து, முடிந்த இருபதாம் நாள் திரும்பிவிட்டார். போன கையோடு மனைவிக்கு ஒரு சின்ன லெப்டொப் அனுப்பி வைத்தார். கல்யாண வீடியோ முழுவதும் இப்போது அதற்குள்ளேதான் இருந்தது. வீடியோ எடுத்தவர் எல்லாவற்றையும் அதில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு கட்டாருக்குப் போய்விட்டார்.

யசோதாவின் விசாவுக்கு அந்த வீடியோ டிவிடியாக வேண்டும் என்று டவுனில் இருந்த ஏஜென்ட் சொல்லிவிட்டார். அல்பம் மட்டும் போதாதாம். கல்யாணம் நிஜமாக நடந்ததா, விசாவுக்காக நடித்ததா என்று விசா கொடுக்கும் வெள்ளைக்காரன் பார்ப்பானாம். இதைக் கேட்டதும் வீரையாவுக்கு அந்த வெள்ளைக்காரன் மீது முதல்தடவையாக மரியாதை வந்தது. யாரையும் நம்பாத மனிதன், ஒழுங்கான மனிதன்.

ஏஜென்டின் ஆள் அன்று பின்னேரம் மூன்று மணிக்குக் கொழும்புக்குப் புறப்படுகிறான். அதற்குள் டிவிடியைக் கொடுக்காவிட்டால், யசோதாவின் ஃபைல் அது இல்லாமல்தான் போகும். அப்படிப் போன இரண்டு பேருடைய ஃபைல் திரும்பி வந்த கதையையும் ஏஜென்ட் சொல்லியிருந்தார்.

அந்த லெப்டொப்பிலோ டிவிடித் தட்டுப் போட வாசல் கிடையாது. வந்த அன்றே வீரையா அதைக் கவிழ்த்துப் போட்டுத் தேடியிருந்தார்.

"வாயே இல்லாத மெஷின். பாதிய எடுத்து வச்சிக்கிட்டு மிச்சத்த வித்திருக்கான்," என்றார்.

டவுனில் நாலு கடையில் கேட்டாயிற்று. யாரும் அடுத்தவரின் கொம்பியூட்டரிலிருந்து எதையும் தட்டில் அடித்துக் கொடுக்கத் தயாராக இல்லை. போன மாதம் யாரோ கொண்டுவந்த தட்டைப் பிரதி பண்ணிக் கொடுத்த ஒரு கடைக்காரரை, புலிகளின் வீடியோவோ என்று பொலிஸ் இரண்டு நாள் வைத்திருந்து விசாரித்தது. கடைசியில் அது யாரோ வீட்டுச் சடங்கு வீடியோவாம். அப்படியும் பயம் பயம்தான். "டிவிடி ரைட்டர் ஒண்ண வாங்கி நீங்களே அடிச்சிக்குங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். லெப்டொப்பில் வெளியிலிருந்து மாட்டுகிற ரைட்டர் அக்குறணையில் கிடைக்கும் என்றும் சொன்னார்கள்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த ஆமிக்காரன், யசோதாவின் பையைத் திறந்து லெப்டொப்பை வெளியே எடுத்து, ஒரு கையில் வைத்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தான். பிறகு திருப்பிக் கொடுத்தான்.

பஸ்ஸில் ஏறியதும் வீரையா சொன்னார்: "பாத்தியா, அவன் வெவரமானவன். தூக்கிப் பாக்குறான்."

"அவரு குண்டு இருக்கான்னு பாத்தாருப்பா."

"எதுக்குப் பாத்தா என்ன, பாத்தானா இல்லயா?"

ஹபீலின் கடை மெயின் ரோட்டில் ஒரு துணிக்கடைக்கும் பாமசிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. ஹபீல் நாற்பது வயது மதிக்கத்தக்க சிரித்த முகக்காரர். யசோதா விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடி மேசையில் இரண்டு ரைட்டரை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பு, மேரி பிஸ்கட் பெட்டியளவு தட்டை. மற்றது வெள்ளி நிறத்தில் சற்றுத் தடித்தது. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"கறுப்ப எடுங்கோ தங்கச்சி. லேசா ஈக்கு, வேற கரண்ட் தேவயில்ல, லெப்டொப்லயே மாட்டினா சரி."

வீரையா கண்ணை மூடிக்கொண்டு கறுப்பை இடது கையிலும் வெள்ளியை வலது கையிலும் தூக்கினார். ஹபீல் யசோதாவைப் பார்த்தார். யசோதா கூரையைப் பார்த்தாள்.

"இது அரைக் கிலோ கூட வராது," என்று கறுப்பைக் கீழே வைத்தார் வீரையா. "உள்ளுக்குள்ள ஒண்ணுமில்ல. இந்தா, இது ஒன்னேகால் கிலோ. இதுதான் மெஷின்."

"ஐயா, இந்தக் காலத்துல சாமான் லேசா ஈக்கிறதுதான் நல்லம்."

"மொதலாளி, முப்பத்திரெண்டு வருஷம் மூட்ட தூக்குனவன் நான். லேசான மூட்டயில எப்பவும் கல்லோ கள்ளமோ இருக்கும்."

"லேசான மூட்டயில கல்லு எப்பிடி ஐயா ஈக்கும்?"

வீரையா வெள்ளியை இன்னொரு தரம் தூக்கிப் பார்த்தார். அது பதில் தேவையில்லாத கேள்வி.

யசோதா மெல்லச் சிரித்தாள். "லேசா இருக்காருன்னு மாப்பிள்ளையக்கூட வேணாம்னுதான் சொன்னீங்க."

"இப்பவும் அதத்தான் சொல்றேன். காத்தடிச்சா புடிச்சிக்க ஒரு தூணு வேணும் அந்த ஆளுக்கு."

ஹபீலின் கடையில் ஒரு முறை உண்டு. வாசலைத் தாண்டிய சாமானுக்கு அவர் பொறுப்பில்லை. ஆகையால் எதையும் உள்ளேயே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். "இங்கயே ஒரு தட்டு அடிச்சுப் பாருங்கோ. ஆனா தங்கச்சி, நீங்கதான் அடிக்கோணும். நான் கைய வெக்க மாட்டேன். பொலிஸ் கேட்டா, மெஷின வித்தேன், அவ்வளவுதான்." மேசையில் லெப்டொப்பைத் திறக்க இடம் விட்டு, கறுப்பு ரைட்டரின் வயரை மட்டும் மாட்டிக் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். பிறகு கடைவாசலில் யாரோ விலை கேட்க, எழுந்து போனார்.

யசோதா தட்டை உறையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வீரையா கவனித்தார், கறுப்பு ரைட்டரின் வயர் ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, இரண்டு தலையோடு லெப்டொப்பில் இரண்டு இடத்தில் குத்திக்கொண்டிருந்தது. ஒரு சாமானுக்கு எதற்கு இரண்டு வாய்? மகளின் லெப்டொப்பில் உள்ள கரண்டையெல்லாம் இந்தக் கறுப்பன் உறிஞ்சிவிடுவான். யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு தலையைப் பிடுங்கி, மடித்து, மேசையில் கிடந்த றப்பர் பேண்டைப் போட்டு அடக்கமாகக் கட்டிவைத்தார். சிக்கனத்துக்காகத்தான் செய்தார். யார் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

யசோதா தட்டைப் போட்டாள். ரைட்டர் முனகியது. திரையில் இலக்கம் ஏறியது. பத்து, இருபது, முப்பத்தெட்டு. முப்பத்தெட்டில் முனகல் நின்றது. திரையில் சிவப்பாக ஏதோ வந்தது. யசோதாவின் முகம் வாடியது. நேரம் பதினொன்றரை.

"நான் சொல்லல?" என்றார் வீரையா. குரலில் துக்கம் கொஞ்சமும் இல்லை.

திரும்பி வந்த ஹபீலுக்கு நம்ப முடியவில்லை. இன்னொரு தட்டுப் போட்டார்கள். அது இருபத்தொன்றிலேயே நின்றது.

"சரி, ஐயாட மெஷினப் பாப்பம்," என்றார் ஹபீல். வெள்ளி ரைட்டருக்குத் தனியாகக் கரண்ட் வயர் இருந்தது. சுவரில் குத்தினார்கள். பச்சை விளக்கு எரிந்தது. வீரையா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சொந்தக் கடை திறப்பு விழாவுக்கு வந்தவர் போல நின்றார்.

விளக்கு மட்டும்தான் எரிந்தது. இப்படி ஒன்று மாட்டியிருப்பதே லெப்டொப்புக்குத் தெரியவில்லை. ஹபீல் அதைத் தூக்கிக் காதருகில் வைத்துக் குலுக்கினார். உள்ளே ஏதோ 'டக்' என்றது. அவருடைய முகம் மாறியது. மேசை லாச்சியைத் திறந்து ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நாலு ஆணியையும் கழற்றி, அடிமூடியைத் தூக்கினார்.

உள்ளே ஒரு பக்கத்தில் ரைட்டர் இருந்தது. மறுபக்கத்தில், பசை விட்டுப்போன நிலையில், உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்புத் தகடு இருந்தது. எதனோடும் எந்த வயரும் இல்லை. அது அசைந்து அசைந்து பக்கத்திலிருந்த மெல்லிய வயரை அறுத்திருந்தது.

ஹபீல் தகட்டை எடுத்து மேசையில் வைத்தார். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"அல்லா. பாரத்துக்கு வெச்சீக்கிறான்," என்றார் ஹபீல். "கொழும்புல எடுத்த சாமான். எனக்குத் தெரியா ஐயா, சத்தியமா."

யசோதா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பில் தோள் குலுங்கியது. "அப்பா, முக்காக் கிலோ இருக்குமா?"

வீரையா தகட்டைக் கையில் எடுத்தார். "எழுநூறு கிராம்," என்றார் நிதானமாக. "பாத்தியா, சாமான்னா கனம் வேணும்னு அவனுக்கும் தெரிஞ்சிருக்கு. இல்லாட்டி ஏன் வைக்கிறான்?"

அப்போதுதான் யசோதாவின் கண் கறுப்பு ரைட்டரின் வயர் மீது போனது. மடித்து, றப்பர் பேண்ட் போட்டு, மூட்டைக்குப் போடும் முடிச்சு மாதிரி இறுக்கிக் கட்டியிருந்தது. இந்தக் கட்டு யாருடைய கை என்று கேட்க வேண்டியதில்லை. அவள் றப்பரைக் கழற்றினாள். சிரிக்கவில்லை.

"எப்பப் பிடுங்குனீங்க?"

"கரண்ட் வீணாப் போவுதேன்னு..."

"அப்பா. நா போகக் கூடாதுன்னுதானே?"

ஹபீல் திடீரென்று கல்குலேட்டரைத் துடைக்க ஆரம்பித்தார்.

வீரையா தகட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "ரெண்டு தல இருந்துச்சு, ஒண்ணப் பிடுங்கினேன்," என்றார். "நீ போறதுக்கும் அதுக்கும் என்னா. மாட்டு. மணியாவுது."

அவள் இரண்டாவது தலையை மாட்டினாள். இரண்டு வாயாலும் கரண்ட் கிடைத்த ரைட்டர் இந்தத் தடவை முனகவில்லை, சீராக ஓடியது. முப்பத்தெட்டைத் தாண்டியது. அறுபதைத் தாண்டியது. வீரையா இலக்கம் தெரிந்த மனிதர், வாய்க்குள் எண்ணிக்கொண்டே நின்றார். நூறு வந்ததும் தட்டுத் தானாக வெளியே வந்தது.

"இதுல ஏறியிருக்குன்னு என்னா அத்தாட்சி? முன்னயும் இதே மாதிரிதான் பளபளன்னு இருந்துச்சு."

யசோதா தட்டைத் திரும்ப உள்ளே தள்ளி ஓடவிட்டாள். கோயில் மண்டப வாசல் வந்தது. மாப்பிள்ளை மாலையோடு காரிலிருந்து இறங்கினார். திரையில் இருந்த வீரையா முன்னால் போய் அவரைக் கட்டிப்பிடித்தார். கட்டிப்பிடித்தவர் அப்படியே நிலத்திலிருந்து ஒரு விரற்கடை உயரத் தூக்கி, ஒரு நொடி நிறுத்தி, இறக்கினார். மாப்பிள்ளையின் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. அவர் யாழ்ப்பாணத்துக்கே உரிய பொறுமையோடு, "ஓம் மாமா, வாறன் வாறன்" என்று சொல்வதும் கேட்டது.

ஹபீல் சிரிப்பை அடக்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிளயயும் தூக்கிப் பாத்தீங்களா ஐயா?"

"அம்பத்திரெண்டு கிலோ. ஒரு மூட்ட தேறாது."

"இப்ப எழுபதாம்," என்றாள் யசோதா. "நேத்துப் போன்ல சொன்னாரு."

"போன்ல சொல்றத எவன் நம்புவான்?" வீரையா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அங்கே யசோதா தலைகுனிந்து மணவறைக்கு வந்துகொண்டிருந்தாள். "நீ போயித் தூக்கிப் பாத்துட்டுச் சொல்லு."

யசோதா வீடியோவை நிறுத்தினாள். தட்டை எடுத்து உறையில் போட்டு, உறையைப் பையின் உள்பக்கம் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கறுப்பு ரைட்டரை ஹபீல் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். கெட்டுப்போன இரண்டு தட்டுக்கும் காசு வாங்க மாட்டேன் என்றார். யசோதா, அது எங்க அப்பா கெடுத்தது என்று காசை மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

"மொதலாளி, அந்தத் தகடு உங்களுக்கு வேணுமா?" என்று கேட்டார் வீரையா.

"அது என்னத்துக்கு ஐயா?"

"அந்த மெஷின்ல பொய் சொல்லாத சாமான் அது ஒண்ணுதான்."

தகட்டைச் சட்டைப் பையில் போட்டார். பை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கியது. கண்டிப் பஸ் வருகிற பக்கம் நடந்தார்கள். மகளின் கையிலிருந்த ரைட்டர் பெட்டியை வாங்கித் தன் கையில் பிடித்துக்கொண்டவர், பத்தடிக்கொரு தரம் நின்று மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இருக்குப்பா."

"இருக்குன்னு நீதான் சொல்ற," என்று சொல்லிவிட்டு நடந்தார். "கைக்கு ஒண்ணுமே தெரியல."